கால்நடை உணவியல் படிக்க விரும்பும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் கால்நடை உணவியல் படிக்க விரும்புவதாகவும், மாட்டுக்குத் தீவனம் வைப்பதற்கு ஒரு பட்டமா என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் இறுதியில் போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட செய்திதான் என்னை நிறுத்தியது. வைக்கோல் தீர்ந்து மக்காச்சோள மாவைக் கூட்டி வைத்த வாரத்தில், பால் சங்கத்தில் கொழுப்பு 4.1 இலிருந்து 3.4 க்கு இறங்கியதைத் தங்கள் மகள் பால் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.

அவர் பார்த்தது தற்செயல் அன்று. நார்ச்சத்தை மாட்டின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் மடி பால்கொழுப்பின் கணிசமான பகுதியை உருவாக்குகிறது. நார் குறைந்து மாவுச்சத்து மிகும்போது பெருவயிற்றில் புளிப்பு ஏறி, தீவனத்திலுள்ள தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்கள் வழக்கமான பாதையை விட்டு வேறு வகையில் மாற்றமடைகின்றன. அவ்வாறு உண்டாகும் பொருள்களில் ஒன்று மடியில் கொழுப்பு உற்பத்தியையே அடக்கிவிடுகிறது. கருவேலங்காயில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இத்தகையதே: மிதமாக இருந்தால் புரதத்தைப் பெருவயிற்றில் சிதையாமல் காத்துக் குடலுக்கு அனுப்பும், மிகுந்தால் மாடு தின்பதும் குறையும், செரிப்பதும் குறையும். பசும்பாலின் இளமஞ்சள் நிறம்கூடப் பசுந்தீவனத்திலுள்ள கரோட்டினிலிருந்து வருவதுதான். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெண்மையாக இருக்கிறது. கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்தே பாலுக்கு விலை வைக்கப்படும் ஊரில், இந்த அறிவு நேரடியாகக் குடும்பங்களின் வருமானத்தைத் தொடுகிறது.

படிப்பைப் பொறுத்தவரை, பெற்றோர் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பி.டெக். பால்வளத் தொழில்நுட்பம் நான்கு ஆண்டுப் படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் அதன் முதன்மையான அக்கறை கறந்த பாலைப் பதப்படுத்துவதிலும் அதிலிருந்து பொருள்கள் செய்வதிலும் இருக்கிறது. தங்கள் மகளின் கேள்வியோ பால் மடியில் சுரப்பதற்கு முன்பே தொடங்குகிறது. எனவே அவருக்கு நான் பரிந்துரைப்பது, 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ், உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நடக்கும் பி.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவ இளங்கலைப் படிப்பையும், அதன்பின் கால்நடை உணவியலில் எம்.வி.எஸ்சி. என்னும் முதுகலைப் படிப்பையும்தான். காலம் நீளம் என்பது உண்மை. ஆனால் தீவன ஆலைகளில் கலவை வகுக்கும் பணி, பல்கலைக்கழக ஆசிரியப் பணி, ஆராய்ச்சி ஆகியவற்றோடு, தேர்வாணையத்தின் வழியாக அரசு கால்நடை உதவி மருத்துவர் பணிக்கும் அந்த வழி திறந்திருக்கும். இடம் கிடைக்காவிட்டால் உயிர்வேதியியலில் இளங்கலையும் முதுகலையும் முடித்துத் தீவன ஆய்வகப் பணிக்கு முயலலாம். மருத்துவராகப் பதிவு செய்ய இயலாது என்பதே அதிலுள்ள இழப்பு.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உணவியலை எட்டுவதற்கு முன்பு அவர் அறுவை சிகிச்சையையும் பிரேதப் பரிசோதனையையும் கடந்தாக வேண்டும். எனவே தங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் மருத்துவரிடம் அனுமதி பெற்று, சில நாள்கள் அவருடன் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கன்று ஈனச் சிரமப்படும் ஒரு மாட்டின் அருகே நின்றுவிட்டு வந்த பிறகும் அவர் இதே விருப்பத்தைச் சொன்னால், தயங்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.