ஆட்டிசக் குழந்தையின் பாசத்தை எப்படி அளப்பது?

ஆறு வயசுப் பையன். முத்தம் கொடுத்தால் துடைத்துவிடுகிறான். பாசமே இல்லையா? (கொழிஞ்சாம்பாறை)

இருக்கிறது. அம்மா விலகிப் போய்த் திரும்பும்போது பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வுகளை 2004இல் தொகுத்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளில் 53% பேரிடம் உறுதியான பிணைப்பு தெரிந்தது. ஈரமும் லேசான தொடுகையும் பல பிள்ளைகளுக்கு ஆகாது. போர்வையைச் சுற்றி இறுக்கிப் பாருங்கள், பிடித்தால் அவனே மறுபடி வந்து நிற்பான்.

வீட்டிலேயே எப்படிக் குறித்து வைப்பது? (குமுளி)

கண்ணால் பார்க்கக்கூடிய மூன்று நான்கு செயல்களைத் தேர்ந்தெடுங்கள். ‘பாசமாக இருந்தான்’ என்பது உதவாது. ‘என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தான்’ உதவும். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி: தானாகச் செய்தது, நாம் செய்ததற்குப் பதிலாகச் செய்தது, சொல்லிச் செய்தது. மூன்றையும் கூட்டாதீர்கள். ‘அம்மாவுக்கு உம்மா கொடு’ என்று பழக்கினால் மூன்றாவது பத்திதான் நிரம்பும், முதல் பத்தி அப்படியே கிடக்கும். தினமும் ஒரே நேரம், 20 நிமிடம். பாசம் காட்டப் பழக்கும் பயிற்சி தொடங்கும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள். காய்ச்சல், விருந்தாளி இருந்தால் ஓரத்தில் குறியுங்கள்.

கையைப் பிடித்து இழுத்துப் போய் பிரிட்ஜ் முன்னால் நிறுத்துவது தேவைக்காக. அதைச் சேர்க்க வேண்டாம். கேட்டது கிடைத்த பிறகும் மேலே சாய்ந்து நின்றால் சேர்க்கலாம். சில நாள் இருவர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். ஒத்துப்போனவை 80%க்குக் கீழே என்றால் கோளாறு பிள்ளையிடம் இல்லை, எந்தச் செயலை எண்ணுவது என்று நீங்கள் எழுதிய விளக்கத்தில்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மகள் யாரோடும் ஒட்டுவதில்லை என்கிறார் டீச்சர். வீட்டில் அப்படி இல்லையே? (களியக்காவிளை)

இரண்டும் சரியாக இருக்கலாம். ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் சோஃப்ரனாஃப், அட்வுட் குழு உருவாக்கிய வினாத்தாள்களே பெற்றோரிடம் காட்டும் பாசத்துக்கு ஒன்று, மற்றவர்களிடம் காட்டுவதற்கு ஒன்று என்று பிரிந்தவை. கொடுப்பதையும் ஏற்பதையும்கூடத் தனியாகக் கேட்கும். சராசரி எடுக்காதீர்கள். ‘ஒட்டுகிறாளா’ என்று கேட்காமல், இந்த வாரம் யார் பக்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்தாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். இதற்காக வீட்டில் தமிழை விட வேண்டியதில்லை.

ஐஎஸ்ஏஏ (ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) மதிப்பெண் குறைந்தால் பாசம் கூடியதாக அர்த்தமா? (பாறசாலை)

இல்லை. அது 40 கேள்விகளில் ஆட்டிசத்தின் அளவைப் பார்ப்பது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அது, பாசத்தை அளக்க நோட்டு.

பத்து வயசு, பஸ்ஸில் தெரியாதவர்களையும் கட்டிக்கொள்கிறான். (செங்கோட்டை)

இங்கே எண்ணிக்கை கூடுவது முன்னேற்றம் ஆகாது. ‘யாரை’ என்று நான்காவது பத்தி போடுங்கள். வீட்டாருக்கு அணைப்பு, டீச்சருக்கு வணக்கம், பஸ்ஸில் கை தன் மடியில்: இதைப் படம் ஒட்டிய அட்டையாக்கி, வண்டி ஏறும் முன்பே காட்டுங்கள். கட்டிக்கொண்ட பிறகு அதட்டினால் வீட்டாரை அணைப்பதும் நின்றுபோகலாம்.