தரையடி வெப்பமூட்டல்: மின்கம்பியா, வெந்நீர்க் குழாயா?

கேள்வி: குளிர் கடுமையான ஊரில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. அடுத்த ஆண்டு 60 சதுர மீட்டர் கீழ்த்தளத்தின் தரையையும் பெயர்த்துப் புதிதாகப் போட இருக்கிறோம். தரைக்கு அடியில் வெப்பமூட்டுவதற்கு மின்சார முறையே மலிவு என்கிறார் ஒரு விற்பனையாளர். வெந்நீர்க் குழாயே லாபம் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் வாங்கும் நாளில் ஆகும் செலவைச் சொல்கிறார். இரண்டாமவர் அதன் பின் மாதாமாதம் வரும் பில்லைச் சொல்கிறார். குளியலறைக்கு மின்சாரம், கீழ்த்தளத்துக்கு வெந்நீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

குளியலறையில் தொட்டி, அலமாரி ஆகியவற்றின் அடியைக் கழித்துவிட்டால் 5 சதுர மீட்டர் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 150 வாட் திறனுள்ள ‘ஹீட்டிங் மேட்’ எனப்படும் கம்பிப் பாயை அங்கே விரித்தால் மொத்தம் 750 வாட். நாளுக்கு 2 மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் செலவாகாது. பாயின் கனம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் டைல்ஸ் ஒட்டும் பசைக்குள்ளேயே அடங்கிவிடும். அடியில் வெப்பக்காப்புப் பலகை போட மட்டும் மறக்க வேண்டாம். அது இல்லையென்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் சூட்டில் பெரும்பங்கு கீழே இருக்கும் கான்கிரீட்டுக்குத்தான் போகும்.

இதே கணக்கைக் கீழ்த்தளத்துக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்நாளில் சதுர மீட்டருக்கு 60 வாட் வீதம் 10 மணி நேரம் தேவைப்பட்டால் 36 யூனிட் வெப்பம் வேண்டும். மின்கம்பி 36 யூனிட் வெப்பம் தர 36 யூனிட் மின்சாரம் எடுக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த விகிதம் மாறாது. தரைக்குழாய்க்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே போதும் என்பதால் அதை ஹீட் பம்புடன் இணைக்கலாம். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் கிடைத்தாலே அந்த 36 யூனிட் வெறும் 12 யூனிட் மின்சாரத்தில் முடிந்துவிடும்.

வெந்நீர் முறையில் சிக்கல் உயரம்தான். காப்புப் பலகை, 16 மில்லிமீட்டர் குழாய், அதன் மேல் போடும் சிமென்ட் கலவை எல்லாம் சேர்ந்து பல நேரங்களில் 100 மில்லிமீட்டரைத் தாண்டும். கதவுகளை அறுத்துக்கொள்ளலாம்; மாடிப்படியின் முதல் படி மட்டும் மற்றப் படிகளைவிடக் குட்டையாகி, இருட்டில் இறங்குபவரைத் தடுக்கிவிடும். நீங்கள் எப்படியும் தரையைப் பெயர்க்கப் போவதால் அந்த அளவு ஆழமாகத் தோண்டச் சொல்லலாம். மேலும், கனமான கலவை சூடேறப் பல மணி நேரம் ஆகுமாதலால், வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கு இந்த முறையை நான் சொல்லமாட்டேன்.

எதற்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். மக்கள் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலையின் வரம்பு. அறை 20 டிகிரியில் இருந்தால் அத்தகைய தரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட்தான் தரும். பழைய வீட்டின் சன்னல்களும் கூரையும் அதைவிட அதிகமாக இழந்துகொண்டிருந்தால் எந்த முறையைப் போட்டாலும் குளிரும். முதலில் சன்னலைக் கவனியுங்கள்.

கேள்வி: கம்பிப் பாய் பதித்து டைல்ஸ் ஒட்டி முடித்த மறுநாளே போட்டுப் பார்த்தோம், சூடாகவே இல்லை. பாயில் கோளாறு என்கிறார் டைல்ஸ்காரர். கம்பியை அவர்தான் வெட்டிவிட்டார் என்கிறார் கடைக்காரர். யார் பொறுப்பு?

பதில்: அதைச் சொல்ல வேண்டியது மல்ட்டிமீட்டர். பாயைப் பெட்டியிலிருந்து பிரிக்கும்போது, விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என மூன்று முறை கம்பியின் மின்தடையை அளந்து உத்தரவாத அட்டையில் குறிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 750 வாட் பாய் என்றால் சுமார் 70 ஓம் காட்டும். முதல் இரண்டு அளவும் சரியாக இருந்து, மூன்றாவதில் இணைப்பே இல்லை என்று வந்தால் கரண்டியோ கத்தியோ பட்டிருக்கிறது. மூன்றுமே சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் அதன் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அட்டை வெறுமையாக இருந்தால் உங்கள் கை தளர்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் தரை முழுவதையும் உடைக்க யாரையும் விடாதீர்கள். அறுந்த இடத்தைக் கருவி கொண்டு கண்டுபிடித்து, ஓரிரு டைல்ஸை மட்டும் எடுத்து ஒட்டுப்போட முடியும். பசை காய்வதற்குள் சூடேற்றினால் அது விரிசல் விடும் என்பதால், மறுநாளே போட்டதும் தவறுதான்.

கேள்வி: மரத்தரைக்கு அடியில் போடலாமா?

பதில்: போடலாம். பல அடுக்குகளாக ஒட்டிய மரப்பலகை, ஒரே மரத்தில் அறுத்த பலகையைவிடக் குறைவாக நெளியும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மேற்பரப்புக்கு 27 டிகிரியை வரம்பாக வைக்கிறார்கள். உங்கள் பலகைக்கு என்ன வரம்பு என்பதை வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். அதன் மேல் தடித்த கம்பளம் விரிப்பதாக இருந்தால், தரையடி வெப்பமூட்டலுக்கே செலவழிக்காதீர்கள்.