ஈப்போ என்று ஏன் எழுதினாய்?

வணக்கம் ஐயா,

நீங்கள் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் எழுதுகிறேன். நான் நிதித்துறை இரண்டாம் ஆண்டு மாணவி. வீடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். முதலீட்டு வங்கியில் பயிற்சிக்குச் சேர ஆசை. இருபத்துமூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓரிடத்திலிருந்துகூட இன்டர்வியூவுக்கு அழைப்பு இல்லை. எல்லாரும் அனுபவம் கேட்கிறார்கள். பள்ளி விடுமுறையில் டவுன் மளிகைக்கடையில் கடன் நோட்டு எழுதினேன், அதெல்லாம் அனுபவமா? கூடப் படிப்பவர்களுக்கு வங்கியில் மாமா, சித்தப்பா என்று யாராவது இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் பணம் கட்டிச் சேரலாமா? என் ஆங்கிலம் போதுமா? ரெசுமேயை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

என் மகளைவிடச் சின்னவள், ஆகவே 'நீ'. பணம் கட்டாதே. ஆங்கிலம் போதும். மாமா, சித்தப்பா விஷயத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ரெசுமேயைத் திறந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஊர்: ஈப்போ. பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயர். ஏனம்மா? கடன் நோட்டையும் காணோம். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்தப் பாக்கி வரும், எது வராது என்று பதினேழு வயதில் தெரிந்து வைத்திருந்தவள் அதை மறைத்துவிட்டு, "குழுவாக இயங்கும் திறன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. அந்த இருபத்துமூன்று பேருக்கும் வந்த எல்லா ரெசுமேயிலும் அது இருந்திருக்கும்.

போன மாதம் அப்பாவின் தகரப்பெட்டியை ஒழித்தேன். வேட்டிக்கு அடியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்து கிடந்தது. அன்றிலிருந்து இதே யோசனை. அந்த நேரம் பார்த்து உன் கடிதம்.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிய காலம் அது. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லை உன் பாட்டியிடம் சொல்லிப் பார், முகம் மாறும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் சட்டிபானையோடு ரோட்டுக்கு வந்தார்கள். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டித் தோட்டம் வாங்கினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வந்ததுதான். உன் பாடப்புத்தகத்தில் மூலதனம் திரட்டுதல் என்று ஓர் அத்தியாயம் இருக்குமே, அது இது. சம்பந்தன் பிறந்த ஊர் எது தெரியுமா? நீ அழித்துவிட்டு ஈப்போ என்று எழுதினாயே, அந்த ஊர்.

எங்கள் தோட்டத்துக்கும் பணம் சேர்க்க ஆள் வந்தார்கள். எனக்கு எட்டு, ஒன்பது வயது. கோவில் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. வந்தவர் அழகாகப் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். குளித்துவிட்டு வந்தும் ஒட்டுப்பால் வாடை போகாத புடவை. "அதெல்லாம் சரி தம்பி, வாங்கப்போற தோட்டத்துல மரத்துக்கு என்னா வயசு?" என்றாள். வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. "கெழட்டு மரத்த நம்ம தலையில கட்டிட்டா? புதுசா நட்டா ஆறேழு வருசம் பால் கெடையாது. அதுவரைக்கும் எவன் சம்பளம் குடுப்பான்?"

பிறகு முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டினேன். ஒரு தோட்டத்தை விலைபேசும்போது கேட்கவேண்டிய கேள்வியை அவள் அளவுக்குச் சுருக்கமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளிடம் போய் அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், உன்னைப் போல.

செம்பனைக்கும் அதே கணக்குத்தான். நட்டு மூன்று வருடத்தில் குலை, இருபத்தைந்தை ஒட்டி மறுநடவு. தோட்டக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் பங்குச்சந்தை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, மரங்களின் வயதைப் பற்றிய பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் சொல்வதைக் குறித்துக்கொள். அந்தக் கம்பெனி என்ன பெறும், ஏன் என்று இரண்டு பக்கம் எழுது. ரெசுமேயோடு அதையும் அனுப்பு. பெரிய வங்கிகளுக்கு மட்டும் இல்லை, நாலைந்து பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன ஆலோசனை நிறுவனங்களுக்கும், தணிக்கை நிறுவனங்களில் கம்பெனிகளை மதிப்பிடும் பிரிவுகளுக்கும். உன் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கே போன அக்காமார் அண்ணன்மாருக்கு நான்கு வரி எழுது. வேலை கேட்காதே, பத்து நிமிடம் கேள். வீட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதிவிடாதே. பரிதாபப்பட்டு யாரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதில்லை. அம்மா கூட்டு (சீட்டு) பிடிப்பவராக இருந்தால் அதுவும் வேண்டாம், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம்.

கூப்பிட்டுவிட்டார்கள் என்றே வை. தேய்மானம் (இயந்திரமும் கட்டடமும் பழசாவதற்குக் கணக்கில் எழுதும் செலவு) 10 வெள்ளி கூடினால் லாபநட்டம், ரொக்கம், இருப்புநிலை என்ற மூன்று கணக்குகளிலும் என்ன ஆகும் என்பார்கள். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். கம்பெனி வரி 24 விழுக்காடு, ஆகவே நிகர லாபத்தில் குறைவது 7.60. கையைவிட்டுக் காசு போகவில்லை, அந்தப் 10ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.40 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 10 இறங்கி ரொக்கம் 2.40 ஏற, எதிர்ப்பக்கம் சேர்ந்த லாபம் 7.60 இறங்கும். (நம் நாட்டில் வரிக்குத் தேய்மானத்தைக் கழிக்க முடியாது, சட்டம் தனியாக வகுத்த மூலதனக் கழிவுதான் என்றும் சேர்த்துச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.) இது தெரியாமல் இருபத்துநான்காவது விண்ணப்பம் போடாதே.

இன்னொன்று. 1981 செப்டம்பர் 7 காலை, லண்டன் பங்குச்சந்தை திறந்த சில மணி நேரத்தில் கத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்தது. 2007இல் அது கோல்டன் ஹோப், சைம் டார்பி என்ற இரண்டு பெரிய கம்பெனிகளோடு இணைந்தது. அதிலிருந்து வந்த சைம் டார்பி தோட்டக் கம்பெனி 2024இல் எஸ்டி கத்ரி என்று மறுபடி கத்ரி பெயரை வைத்துக்கொண்டது. அந்த வாங்குதலும் இணைப்பும் நீ சேர ஆசைப்படும் முதலீட்டு வங்கித் தொழில் செய்த வேலை. உங்கள் தோட்டத்து வாசல் பலகையில் எத்தனை முறை பெயர் மாறியது என்று அப்பாவிடம் கேட்டாயா?

கேட்டு எழுது. திருத்திய ரெசுமேயையும் அனுப்பு, ஈப்போவை எடுத்துவிட்டு.