ஸ்டெதாஸ்கோப்பில் 110, மணிக்கட்டில் 88: எது சரி?

இரண்டும் சரிதான். இதயம் நிமிடத்துக்கு 110 தடவை துடிக்கிறது, அதில் 88 மட்டுமே மணிக்கட்டு வரை வந்து சேர்கிறது. இடையிலுள்ள 22-தான் நாடிக் குறைபாடு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை) உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். துடிப்பு தாறுமாறாக வரும்போது, சில துடிப்புகள் இதயத்தின் கீழறையில் ரத்தம் நிரம்புவதற்குள் விழுந்துவிடும். அடிபம்பில் தண்ணீர் ஏறும் முன்பே அவசரமாக அடித்தால் கைப்பிடி ஆடும், குழாயில் தண்ணீர் வராது; அதே கதை.

எண்ணுவதற்கு இரண்டு நர்ஸ், ஒரே கடிகாரம் வேண்டும். ஒருவர் இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாவது விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்க, மற்றவர் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து நாடியை இரண்டு விரல்களால் மெதுவாகத் தொட வேண்டும். “ஸ்டார்ட்” சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. ஒழுங்கற்ற துடிப்பில் ஒவ்வொரு 15 விநாடியும் ஒவ்வொரு கணக்கு காட்டும். புதிதாக வருபவர்கள் “லப்”, “டப்” இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிடுவதும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. அழுத்திப் பிடித்தால் மெல்லிய நாடி விரலுக்கே எட்டாது.

டிகாக்ஸின் (இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து) கொடுக்கும் முன் மார்பில்தான் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்வது வழக்கம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டுவது இதயத் துடிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். அது எண்ணுவது விரல் வரை வந்த நாடியை மட்டும்தான்.