"உடம்பு போதாது" என்று அகாடமியில் விலக்கிவிட்டார்கள்: ரோட்ரி போன வழி என் மகனுக்கு உதவுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கால்பந்தில் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில், அதாவது தடுப்பு வரிசைக்கு முன்னால் நடுக்களத்தில், ஆடுகிறான். மூன்று வருடமாக இருந்த அகாடமியில், ஆட்டம் நன்றாக இருக்கிறது, உடம்புதான் போதவில்லை என்று சொல்லி அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்று பெரிய பெயர் உள்ள அகாடமி, ஆனால் முதல் வருடம் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். இன்னொன்று சின்ன கிளப், வந்தால் ஆட வைக்கிறோம் என்கிறார்கள். என் மனைவி, போதும், படிக்கட்டும் என்கிறார். அவனோ ரோட்ரியையும் இப்படித்தான் வெளியே அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அது உண்மையா? நாங்கள் என்ன முடிவு எடுக்கலாம்?

பதில்: உண்மைதான், உங்கள் பையன் கதை விடவில்லை. ஸ்பெயின் மிட்ஃபீல்டரான ரோட்ரி பிறந்தது 1996-ல், மாட்ரிட்டில். அந்த நகரத்தின் புறநகர்க் கிளப்பான ராயோ மஹதஹோண்டாவில் ஆரம்பித்து, 11 வயதில் அத்லெடிகோ மாட்ரிட்டின் இளையோர் அணிக்குப் போனார். ஆறு வருடம் அங்கே வளர்ந்த பிறகு, 2013-ல், 17 வயதை ஒட்டி, உடல் பலம் போதாது என்று அவரை விட்டுவிட்டார்கள். இன்று அவர் உயரம் 1.91 மீட்டர். அதே அத்லெடிகோ ஐந்து வருடம் கழித்து, 2018-ல், சுமார் 2 கோடி யூரோ கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. அடுத்த வருடமே இங்கிலாந்துக் கிளப்பான மான்செஸ்டர் சிட்டி 7 கோடி யூரோ கட்டி அழைத்துக்கொண்டு போனது. 2024-ல், உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர் விருது அவர் கைக்கு வந்தது. ஸ்பெயின் ஆண் வீரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது 1960-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இதைக் கேட்டதும் உங்கள் பையனுக்கு உற்சாகம் வரும், வரட்டும். ஆனால் அத்லெடிகோ தப்பு செய்தது, ரோட்ரி ஜெயித்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பயன்படுகிற பகுதி விட்டுப்போகும். 2013-க்கும் 2018-க்கும் நடுவில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் உடம்பு, கிளப், படிப்பு என்ற உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது.

முதலில் அந்த உடம்பு விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் வீட்டில் எல்லோரையும் உறுத்துவது அதுதான். 14-லிருந்து 17 வரை உள்ள பையன்களை ஒரு வரிசையில் நிற்கவைத்துப் பாருங்கள், ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருக்கும். சீக்கிரம் வளர்ந்தவன் தோளால் இடித்துப் பந்தை எடுத்துவிடுவான், வேகமாகவும் ஓடுவான், அந்த வயதில் ஆட்டம் ஜெயிப்பதற்கு அது போதும். இந்த வாரம் ஜெயித்தாக வேண்டிய பயிற்சியாளர் அவனைத்தான் எடுப்பார். 19, 20 வயதில் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிடுவார்கள், அப்போது அதுவரை உடம்பை மட்டும் நம்பி ஆடியவனுக்குக் கையில் வேறொன்றும் இருக்காது. ஆகவே உங்கள் பையனிடம் சொல்லப்பட்டது அவன் உடம்பு இன்றைக்கு இருக்கிற நிலையைப் பற்றி மட்டுமே. அவன் இன்னும் வளர்கிற பருவத்தில் இருக்கிறானா, வளர்ந்து முடித்துவிட்டானா என்று ஒரு விளையாட்டு மருத்துவரிடமோ குழந்தைநல மருத்துவரிடமோ ஒரு தடவை காட்டிக் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் கையில் இருந்தால் வீட்டில் பாதி சண்டை குறையும். எல்லோரும் ரோட்ரி மாதிரி 1.91-க்கு வளர்ந்துவிட மாட்டார்கள், இதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்து, எந்தக் கிளப் என்ற கேள்வி. மாட்ரிட்டை விட்டு ரோட்ரி போன இடம் வியாரியல். கிழக்கு ஸ்பெயினில், காஸ்தெயோன் மாகாணத்தில், ஐம்பதாயிரம் பேர் வசிக்கிற, டைல்ஸ் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அவர் போய்ச் சேர்ந்த 2013-ல் அந்தக் கிளப் இரண்டாம் டிவிஷனில் ஒரு சீசன் கிடந்துவிட்டு அப்போதுதான் மேலே ஏறி வந்திருந்தது. மாட்ரிட்டில் வளர்ந்த பையனுக்கு இது இறக்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே ஓர் ஏணி இருந்தது: இளையோர் அணி, அதற்கு மேல் மூன்றாம் நிலை லீகில் பெரியவர்களோடு மோதுகிற பி அணி, அதற்கு மேல் முதல் அணி. கீழே நன்றாக ஆடினால் மேலே கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது, ஏனென்றால் காசைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்குகிற வசதி அந்த ஊருக்குக் கிடையாது.

அப்படியும் சீக்கிரம் ஒன்றும் நடக்கவில்லை. 2013-ல் போனவர் முதல் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது 2015 டிசம்பரில், ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோப்பா டெல் ரேயில், உவெஸ்காவுக்கு எதிராக. ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லீகாவில் முதல் ஆட்டம் 2016 ஏப்ரலில். அதன்பிறகும் ஒரு முழு சீசன் உள்ளே வெளியே என்றுதான் இருந்தார், காரணம் அதே இடத்தில் கேப்டன் புரூனோ சொரியானோ இருந்தார். 2017-ல் புரூனோவுக்குக் காயம், அது நீண்டுகொண்டே போய் மூன்று வருடம் அவரால் ஆட முடியவில்லை. நல்ல மனிதருக்கு நேர்ந்த கஷ்டம். அந்த இடம் காலியானபோது அதில் நிற்கத் தயாராக இருந்தவர் ரோட்ரி. 2017-18 சீசன் முழுக்க ஏறக்குறைய எல்லா லீக் ஆட்டத்திலும் ஆடினார், வியாரியல் ஐந்தாவது இடம் பிடித்தது, கோடை வந்ததும் அத்லெடிகோ கதவைத் தட்டியது.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது, பையனைச் சின்ன கிளப்புக்கு அனுப்புங்கள், ஆனால் சின்ன கிளப் என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள். ஆட வைக்கிறோம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். எந்த இடத்தில் ஆட வைப்பார்கள் என்று கேளுங்கள். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரைக் கொண்டுபோய் விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், நிறுத்தி, ஆடினான் இல்லையா என்று கணக்குக் காட்டினால் அது அவனுக்கு உதவாது. அங்கே பெரியவர்கள் அணி இருக்கிறதா, கடந்த சில வருடத்தில் இளையோர் அணியிலிருந்து எத்தனை பேர் அதில் ஏறியிருக்கிறார்கள், அவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத கிளப்பில் ஏணி இல்லை என்று அர்த்தம். அதே கேள்வியை அந்தப் பெரிய அகாடமியிலும் கேட்டுப் பாருங்கள், ஒருவேளை அங்கே நல்ல பதில் வந்தால் அதையும் நியாயமாக யோசிக்க வேண்டியதுதான்.

பெஞ்சைப் பற்றி எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. 16-லிருந்து 19 வரை, மிட்ஃபீல்டர் ஒருவன் ஆட்டத்தில் இல்லாமல் வளரவே முடியாது. ஸ்ட்ரைக்கர் தனியாக ஷாட் அடித்துப் பழகலாம். மிட்ஃபீல்டர் பழக வேண்டியது, தன்னைச் சுற்றி 21 பேர் நகரும்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கை, அது ஆட்டத்தில்தான் கிடைக்கும். மிகேல் மெரினோவை எடுத்துக்கொள்ளுங்கள், ரோட்ரியின் அதே 1996-ல் பிறந்த இன்னொரு ஸ்பெயின் மிட்ஃபீல்டர். ஒசாசுனாவில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் 2016-ல் போருசியா டார்ட்மண்டுக்குப் போனார், அங்கே கிடைத்தது விரல்விட்டு எண்ணுகிற ஆட்டங்கள். நியூகாசிலில் ஒரு வருடம். 2018-ல் ரியல் சொசியதாதுக்கு வந்து வாராவாரம் ஆட ஆரம்பித்த பிறகுதான் அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அப்புறம் 2024-ல் ஆர்சனல் வாங்கியது. இத்தனைக்கும் டார்ட்மண்ட் போனபோது அவருக்கு 20 வயது. 16 வயதில் ஒரு வருடம் பெஞ்ச் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

படிப்பு விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம் நான் பாதி நிற்கிறேன். விளையாட்டை நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, படிப்பு ஓட வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. ரோட்ரி வியாரியலில் இருந்தபோது பக்கத்து நகரமான காஸ்தெயோனில் உள்ள ஹௌமே பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார், மாணவர் விடுதியில் மற்ற மாணவர்களோடு தங்கினார், முதல் அணிக்கு வந்த பிறகும் படிப்பை விடவில்லை. லா லீகாவில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலும் பழைய ஓப்பல் கோர்சா கார் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். படித்ததால்தான் பாலன் டி ஓர் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருமுறை ஒதுக்கப்பட்ட பையனுக்கு ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்று ஆகிவிட்டால் அவன் பயந்து பயந்து பின்னாடியே பாஸ் கொடுப்பான். கையில் இன்னொரு வழி இருக்கிறவன் துணிந்து முன்னால் கொடுப்பான். சின்ன கிளப்பின் பயிற்சி நேரம் பள்ளிக்கூட நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேர்வு வாரங்களில் விடுப்பு தருவார்களா என்று இப்போதே பேசிவிடுங்கள். இதை எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

எழுத்து என்றதும் ஒப்பந்தம் ஞாபகம் வருகிறது. அந்த 7 கோடி யூரோ எப்படி வந்தது தெரியுமா? ஸ்பெயினில் 1985-ல் வந்த அரசாணைப்படி, விளையாட்டு வீரர் இழப்பீடு கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். அதனால் கிளப்கள் அந்தத் தொகை எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. சிட்டி அதைக் கட்டியது, அத்லெடிகோவால் தடுக்க முடியவில்லை. உங்கள் பையனுக்கு இப்போது இவ்வளவு பெரிய பேச்சு தேவையில்லை. ஆனால் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், பிடிக்கவில்லை என்றால் எப்போது, எப்படி வெளியே வரலாம், வேறு கிளப்புக்குப் போக இவர்கள் சம்மதம் வேண்டுமா, பணம் கேட்பார்களா என்பதை முதலில் படியுங்கள். பல பெற்றோர் ஜெர்ஸியைப் பார்த்த சந்தோஷத்தில் இதைப் படிப்பதே இல்லை.

பெரிய கிளப்புக்குப் போன பிறகும் ரோட்ரிக்கு எல்லாம் தயாராக இருந்துவிடவில்லை. அத்லெடிகோவில் பயிற்சியாளர் சிமியோனியிடம் இருந்த ஒரு வருடத்தில் தடுப்பாட்டம் கூர்மையானது. சிட்டியில் முதல் இரண்டு வருடம் அதே இடத்தில் அவருக்கு முன்பிருந்து ஆடிவந்த ஃபெர்னாண்டினோவோடு ஒப்பிட்டுப் பேசினார்கள், பந்தைச் சுழற்ற நேரம் எடுக்கிறார் என்றார்கள். 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் சிட்டி பயிற்சியாளர் குவார்டியோலா ரோட்ரியை வெளியே உட்கார வைத்தார், சிட்டி செல்சியிடம் தோற்றது. இரண்டு வருடம் கழித்து 2023-ல் இஸ்தான்புல்லில் இன்டர் மிலானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரே கோலை அடித்தவர் அவர்தான். அந்த 68-வது நிமிடத்தை உங்கள் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். அகாஞ்சி பாஸ் கொடுக்க, பெர்னார்டோ சில்வா வலது பக்கம் கோட்டு வரை போய்ப் பந்தைப் பின்னால் தள்ளுகிறார், அது ஒரு டிஃபெண்டர் மேல் பட்டு பெட்டிக்குள்ளேயே பின்பக்கமாக வருகிறது. எல்லோரும் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது ரோட்ரி மட்டும் அந்த வெற்றிடத்தை நோக்கி வருகிறார், பந்தை நிறுத்தவில்லை, முழு பலத்தோடு அடிக்கவும் இல்லை, உள்பாதத்தால் பாஸ் மாதிரி ஆட்களுக்கு நடுவே அனுப்புகிறார். அந்த கோலில் உடல் பலத்துக்கு எந்த வேலையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் அவனைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. 2023-24 சீசனில் கிளப், நாடு இரண்டுக்கும் சேர்த்து 60-க்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடினார் ரோட்ரி. அவர் இல்லாத நாளில்தான் சிட்டி அந்த சீசனின் மூன்று லீக் தோல்விகளையும் சந்தித்தது, அதனால் அவரை உட்காரவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த சீசன் தொடக்கத்தில், 2024 செப்டம்பரில், ஆட்டங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளிலேயே ஆர்சனலுக்கு எதிராக முழங்கால் தசைநார் கிழிந்தது, திரும்பி வர 2025 மே ஆனது. காயத்துக்கு அதுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனாலும் வளர்கிற வயதுப் பையன் பள்ளி அணி, கிளப், வார இறுதி டோர்னமென்ட் என்று மூன்று இடத்தில் ஆடினால் கேட்காமல் விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். முழங்காலுக்குக் கீழே வலி என்று சொன்னால் ஸ்ப்ரே அடித்து அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடிவெடுக்கும் வரை இருக்கிற நாட்களில் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹைலைட்ஸ் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ரோட்ரி ஆடிய ஏதாவது ஓர் ஆட்டத்தின் முதல் பாதியை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் எத்தனை முறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார் என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் அவனுடைய ஆட்டம் ஒன்றை நீங்கள் மொபைலில் எடுத்து, அதே கணக்கை அவனுக்கும் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு சின்ன கிளப்பின் பயிற்சியாளரிடம் போங்கள், இந்த இடைவெளியைக் குறைக்க என்ன பயிற்சி தருவீர்கள் என்று கேளுங்கள். அவர் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தால் அங்கேயே சேர்த்துவிடலாம்.