45-ஐ 41 ஆக்கித் தரும் கடன்

கேள்வி: நான் அனிமேஷன் இறுதியாண்டு மாணவி. படிப்புக்கு நடுவே லோகோ அனிமேஷன், பொருட்களுக்கான விளம்பரப் படங்கள் என்று வெளிவேலையும் செய்கிறேன். டேப்லெட், கேமரா, கிம்பலும் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) லைட்டும் சேர்ந்த செட் என்று மூன்று இ.எம்.ஐ. ஓடுகிறது. மூன்றுமே அண்ணன் பெயரில். எனக்கு வருமானம் இல்லாத மாதங்களில் அண்ணன்தான் கட்டுகிறார். அந்த மாதங்களில் அவர் தன் வீட்டுச் செலவுக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுகிறார். இப்போது களிமண் பொம்மைகளை வைத்து ஒரு நிமிட ஸ்டாப் மோஷன் படம் (பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு போட்டோவாக எடுத்து ஓட்டுவது) எடுக்கிறேன். ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. மேக்ரோ (மிக அருகிலிருந்து எடுக்கும்) போட்டோ பரிசோதனைகளிலும் போதுமான அளவு நெருங்க முடியவில்லை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கினால் இரண்டும் தீரும் என்கிறார்கள். பழைய மூன்றையும் அடைத்து, புதியதையும் சேர்த்து, 36 மாதத்துக்கு ஒரே தனிநபர் கடனாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாதத் தவணை இப்போது கட்டுவதைவிடக் குறைவு! எடுக்கலாமா? கேமராவை வாடகைக்கு விட்டும், என் படங்களை என்.எஃப்.டி.யாக (டிஜிட்டல் உரிமைச் சான்றாக) விற்றும் தவணையைக் கட்டிவிட முடியுமா?

பதில்: எடுக்க வேண்டாம்.

பட்ஜெட் போடுவது, செலவை எழுதி வைப்பது பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் தேவையில்லை. 12 மாத வரவைத் தேதிவாரியாக அனுப்பியிருக்கிறீர்கள்; சம்பளக்காரர்களே இப்படி அனுப்புவதில்லை. கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன், தொகைகளை வெளியிடவில்லை. உங்கள் சராசரி மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதே அளவில் சொல்கிறேன்.

இப்போது ஓடும் தவணைகள்: டேப்லெட்டுக்கு 14, இன்னும் 9 மாதம். கேமராவுக்கு 22, இன்னும் 14 மாதம். கிம்பல் செட்டுக்கு 9, இன்னும் 5 மாதம். மாதம் 45. பாக்கியை எல்லாம் கூட்டினால் 126, 308, 45 என்று 479 வருகிறது. நீங்கள் ஆசைப்படும் கேமராவும் லென்ஸும் 600, அதாவது ஆறு மாத வருமானம். ஆகக் கடன் சுமார் 1,080. பாதியில் அடைத்தால் பழைய பாக்கியில் கொஞ்சம் வட்டி குறையலாம், கட்டணம் கூடலாம். தோராயமாக இதுவே இருக்கட்டும்.

அவர் சொன்ன வட்டி 12 சதவீதம், ஃபிளாட். மூன்று வருடத்துக்கு 36 சதவீதம். 1,080 அப்போது 1,469 ஆகிறது. 36-ஆல் வகுத்தால் மாதம் 41. இதைத்தான் "45-க்குப் பதில் 41, கூடவே புதுக் கேமரா" என்று உங்களிடம் விற்கிறார். ஃபிளாட் வட்டியில், நீங்கள் ஏற்கெனவே திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குறையும் நிலுவைக் கணக்கில் இது ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2 சதவீதம் செயலாக்கக் கட்டணத்தையும் முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சேர்த்தால் 23-ஐ நெருங்கும்.

இதையே கடன் இல்லாமல் செய்து பாருங்கள். மாதம் 45 உங்களிடமிருந்து எப்படியும் போகிறது. கிம்பல் தவணை முடிந்ததும் அந்த 9, டேப்லெட் முடிந்ததும் அந்த 14, கேமரா முடிந்ததும் அந்த 22 என்று விடுபடும் தொகையை அப்படியே தனிக் கணக்கில் போட்டால், 24-வது மாதம் பழைய கடன் எதுவும் இருக்காது, கையில் 600 இருக்கும். கடன் எடுத்தால் அதே 24-வது மாதத்தில் இன்னும் 12 தவணை பாக்கி நிற்கும். மொத்தத்தில் 390 அதிகம். அது உங்கள் நான்கு மாத உழைப்பு.

ஆனால் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வட்டி அல்ல. வாங்கிய தேதிகளையும் படங்களைத் தொடங்கிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2டி படம் தொடங்கிய வாரம் டேப்லெட். அந்தப் படம் 18 விநாடியில் நிற்கிறது. நடை அசைவுக்கு ரெஃபரன்ஸ் வீடியோ எடுக்கக் கிம்பல். பயன்பட்டது இரண்டே நாள். ஸ்டாப் மோஷன் என்றதும் கேமரா. படத்தில் முதல் சிக்கல் வந்தவுடன் அதைக் கடையில் தீர்க்கப் பார்க்கிறீர்கள். பின்ஹோல் (லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை), சயனோடைப் (வெயிலில் நீலநிறத்தில் அச்சிடுவது) இரண்டும் "பிறகு செய்ய வேண்டியவை" பட்டியலில் கடைசியில் கிடக்கின்றன. இ.எம்.ஐ. தேவைப்படாத பரிசோதனைகள் அவை மட்டும்தான் என்பதைக் கவனித்தீர்களா?

சரி, வெளிச்சத் துடிப்புக்கு வருவோம். அதை 600 கொடுத்துத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அது கேமரா பாடியின் குறை அல்ல. பொம்மையைத் தொடாமல், எதையும் அசைக்காமல் 48 போட்டோ எடுங்கள். விநாடிக்கு 12 வீதம் ஓட்டினால் 4 விநாடி. ஒவ்வொரு படமும் ஒழுங்கில்லாமல் மின்னினால் காரணம் லென்ஸின் அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம். மெதுவாக ஏறி இறங்கினால் ஜன்னல் வெளிச்சம். குறுக்கே பட்டை ஓடினால் எல்.இ.டி. விளக்கு, ஷட்டர் வேகம் அதற்கு அதிகம். நிறமும் மாறினால் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆட்டோவில் இருக்கிறது.

எக்ஸ்போஷர், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு), ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் மேனுவலில் வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அப்பெர்ச்சர்தான். ஆட்டோ லென்ஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கிளிக் செய்யும் கணத்தில் மட்டும் எஃப் 11-க்கு (எண் கூடக் கூடத் துவாரம் சிறிது) மூடித் திறக்கும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம். தனிப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது, விநாடிக்கு 12 படமாக ஓடும்போது துடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவிலும் இதே லென்ஸ் வகை இதையேதான் செய்யும். தீர்வு, அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றும், உங்கள் மவுண்ட்டுக்குப் பொருந்தும் அடாப்டரும். கையால் எஃப் 11-ல் வைத்தால் அங்கேயே நிற்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா கிளிக்காது. வாங்குவதற்கு முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அப்பெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் நாளாவட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் வேண்டாம்.

ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பொம்மை அசையப் போவதில்லை, எனவே ஷட்டரை அரை விநாடியில் வைக்கலாம், எல்.இ.டி.யின் மினுக்கல் அதற்குள் சராசரியாகிவிடும், ஐ.எஸ்.ஓ.வும் 100-லேயே இருக்கும். இருட்டுக் காட்சிகளில் நாய்ஸ் வருகிறது என்ற உங்கள் மூன்றாவது புகாரும் இதிலேயே அடங்கிவிடும். ஒவ்வொரு கிளிக்கின்போதும் ஒரே இடத்தில் நில்லுங்கள், அடர்நிற உடையில். வெள்ளைச் சட்டை செட்டுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்; நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும்.

ஃபுல் ஃப்ரேம் உங்கள் வேலைக்கு இடைஞ்சலாகக்கூட ஆகலாம். ஒரு சாண் உயரப் பொம்மையை ஆள் உயரமாகக் காட்ட ஃபோகஸ் ஆழம் நிறைய வேண்டும். பின்னணி மங்கினால் பொம்மை பொம்மையாகவே தெரியும். ஒரே ஃப்ரேமிங்கில் உங்கள் ஏ.பி.எஸ்.-சி (சிறிய சென்சார்) கேமரா எஃப் 11-ல் தரும் ஆழத்துக்கு ஃபுல் ஃப்ரேமில் எஃப் 16 வேண்டும். 4கே ஃப்ரேமுக்குத் தேவை 8 மெகாபிக்சலைவிடக் கொஞ்சம் அதிகம். உங்களிடம் 24 இருக்கிறது. 2005-ல் தியேட்டருக்கு வந்த 'கார்ப்ஸ் பிரைட்' பொம்மைப் படத்தை எடுத்த கேனான் 1டி மார்க் 2, 8 மெகாபிக்சல் ஸ்டில் கேமரா. அது ஃபுல் ஃப்ரேமும் இல்லை.

மேக்ரோவுக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய், லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டுவது. குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் என்றால் பாதி அளவு, 50 மி.மீ. என்றால் பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும். வெளிச்சம் குறையும், பாதி அளவில் ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்) சற்று மேல். தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. அசையாத பொருளுக்கு இந்த இரண்டும் பெரிய விஷயம் இல்லை. மேலே சொன்ன பழைய மேனுவல் லென்ஸே இதற்கும் போதும். மின்தொடர்பு இல்லாத மலிவு ட்யூபில் ஆட்டோ லென்ஸை மாட்டினால் அப்பெர்ச்சரை மாற்ற முடியாது. மேனுவல் லென்ஸில் அந்தத் தொல்லை கிடையாது.

பின்ஹோலுக்கு ஒரு பாடி கேப் (கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்தை மூடும் மூடி), நடுவில் துளை, அதன் மேல் 0.3 மி.மீ. ஓட்டை போட்ட அலுமினியத் தகடு. சென்சாரிலிருந்து 50 மி.மீ. தூரத்துக்கு அந்த அளவு சரி. எஃப் எண் 160-ஐத் தாண்டும்; சென்சாரில் உள்ள தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுச் சென்சார் கெட்டுவிட்டது, வேறு கேமரா வேண்டும் என்று எனக்கு எழுதாதீர்கள்.

வாடகைக்கு விடுவது. நீங்கள் குறித்த நாள் வாடகை, விலையில் 3 சதவீதம், அதாவது 18. மாதம் மூன்று நாள் போனால் தவணை வந்துவிடும் என்பது காகிதத்தில் சரி. ஒரு நிமிடப் படத்துக்கு 720 போட்டோ; நாளுக்கு 60 எடுத்தாலும் 12 நாள். அந்த 12 நாளும் கேமரா ஸ்டாண்டோடு டேப் போட்டு ஒட்டிக் கிடக்கும். நடுவில் கழற்றினால் ஷாட் போச்சு. பேட்டரி மாற்றும்போது கை பட்டாலே சட்டகம் நகர்ந்துவிடும் என்பதால்தான் டம்மி பேட்டரி வைத்து நேரே கரண்ட்டில் ஓட்டுகிறார்கள். வாடகைக்குப் போய்க் கீழே விழுந்தால் யார் செலவு என்பது பற்றியும் உங்கள் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் வாடகைக்கு எடுப்பதும் ஸ்டாப் மோஷனுக்கு ஒத்துவராது. 12 நாளுக்கு 216 ஆகிவிடும். ஒருநாள் மேக்ரோ படப்பிடிப்புக்கு லென்ஸ் மட்டும் எடுக்கலாம், தப்பில்லை.

என்.எஃப்.டி. பற்றி: பதிவேற்றக் கட்டணம் இருக்கலாம், வாங்குபவர் உறுதி இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

அண்ணன். உங்கள் சராசரி 100 என்றாலும் அந்த 12 மாதத்தில் 260 வந்த மாதமும் உண்டு, 0 வந்த மாதங்கள் இரண்டும் உண்டு. நான்கு மாதங்களில் வரவு 45-க்குக் கீழே. அவற்றில் விழுந்த துண்டு 110. அதை அவர் கட்டிவிட்டு, தன் கார்டு நிலுவையைச் சுழல விட்டிருக்கிறார். மாதம் 3 சதவீதம் என்றால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42-க்கு மேல். நிலுவை ஓடும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. உங்கள் கேமராவின் நிஜமான வட்டி அவருடைய பில்லில் ஏறிக்கொண்டிருக்கிறது. 100-க்கு மேல் வந்த மாதங்களில் கூடுதலில் பாதியை எடுத்து வைத்திருந்தால் 210 சேர்ந்திருக்கும். இனி வருவதில் முதல் 110-ஐ அவரிடம் கொடுத்து அந்தக் கார்டை முழுதாக அடைக்கச் சொல்லுங்கள். அடுத்த 110 உங்கள் வறண்ட மாதங்களுக்கு.

கிம்பலை விற்றுவிடுங்கள், லைட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். விற்ற பணத்தில் அந்தச் செட்டின் பாக்கி 45-ஐ முன்கூட்டியே அடைக்கும் முன், கடன் கொடுத்தவரிடம் முடிப்புத் தொகையை எழுத்தில் கேளுங்கள். மீதி வட்டியைக் கழிக்காமல், மேலே கட்டணமும் கேட்டால் அடைக்க வேண்டாம், தவணையாகவே போகட்டும். அந்தப் பணம் மேனுவல் லென்ஸுக்கும் ட்யூபுக்கும் ஆகும்.

இனி எந்தப் பரிசோதனையானாலும் கையில் இருப்பதை வைத்து 10 விநாடி, 120 படம் எடுத்து முடித்த பிறகே கடைப் பக்கம் பாருங்கள். அண்ணனின் கார்டு விவரம் உங்கள் போனில் எந்தெந்த ஆப்பில் பதிந்திருக்கிறது என்று இன்று இரவே இருவருமாக உட்கார்ந்து பார்த்து நீக்குங்கள். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" ஆப்கள் இரண்டு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றைப் போனிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. கணக்கை மூடச் சொல்லி, மூடியதற்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.