ஓலாம் என்பது எவ்வளவு காலம்?

கேள்வி: எபிரேய மொழியில் 'ஓலாம்' என்றால் நித்தியம் என்றுதான் எங்கள் வேதபாட வகுப்பில் கற்றோம். தமிழ் வேதாகமமோ அதை 'என்றைக்கும்', 'பூர்வ', 'அநாதி' என்று இடத்துக்கு இடம் மாற்றி எழுதுகிறது. இது மொழிபெயர்ப்பாளர்களின் அலட்சியம்தானே?
- வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: நீங்கள் விரும்புகிறபடியே எல்லா இடத்திலும் 'நித்திய' என்று போட்டுப் பாருங்கள். நீதிமொழிகள் 22:28, 'உன் பிதாக்கள் நாட்டின நித்திய எல்லைக்குறி' என்றாகிவிடும். பிதாக்கள் நாட்டிய கல் எப்படி நித்தியமாகும்? 'பூர்வ' என்று எழுதியவருக்கு எபிரேயமும் தெரிந்திருந்தது, தமிழும் தெரிந்திருந்தது.

ஓலாம் என்பது பார்வைக்கு எட்டாத தொலைவிலுள்ள காலம். பின்னோக்கியும் சொல்லலாம், முன்னோக்கியும் சொல்லலாம். அந்தத் தொலைவு எவ்வளவு என்பதை, அச்சொல் எதைப் பற்றி வருகிறதோ அதுதான் தீர்மானிக்கும். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், ஏழாம் வருஷத்தில் விடுதலையாகிப் போகவேண்டிய எபிரேய அடிமை, எஜமானையும் பெண்சாதி பிள்ளைகளையும் விட்டுப் போக மனமில்லை என்றால், அவனைக் கதவு நிலையருகே நிறுத்திக் காதைக் குத்துகிறார்கள். அதன்பின் அவன் 'லெ-ஓலாம்', அதாவது என்றைக்கும், ஊழியம் செய்யவேண்டும். செத்த பிறகுமா செய்வான்? யூத ரபிகளோ இன்னும் குறுக்கி, அடிமைகள் விடுதலையாகும் 50-ஆம் வருஷமாகிய யூபிலி வரையில்தான் என்று விளக்கினார்கள். மீன் வயிற்றிலிருந்த யோனாவும் பூமியின் தாழ்ப்பாள்கள் தன்னை 'என்றென்றைக்கும்' அடைத்ததாகப் புலம்புகிறான். அவன் அங்கே இருந்தது மூன்று நாள். நாமும் கோபத்தில் 'ஜென்மத்துக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்' என்கிறோம் அல்லவா! அதே ஓலாம் கடவுளைப் பற்றி வரும்போது அதற்கு எல்லை கட்ட எதுவும் இல்லாததால், சங்கீதம் 90:2-இல் 'அநாதியாய் என்றென்றைக்கும்' என்று விரிகிறது.

நீங்கள் குறை சொல்லியிருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைத்தான் விட்டுவிட்டீர்கள். பிரசங்கி 3:11-இல் தமிழ் வேதாகமம், 'உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்' என்கிறது. மூலத்தில் அங்கேயும் ஓலாம்தான். பிற்கால எபிரேயத்தில் அச்சொல்லுக்கு உலகம் என்ற பொருள் ஏறியது உண்மை. யூதர்கள் ஆசீர்வாத ஜெபங்களில் கடவுளை 'மெலெக் ஹா-ஓலாம்', உலகின் அரசர், என்று அழைப்பதும் அந்தப் பொருளில்தான். ஆனால் இந்த வசனம் முழுக்கக் காலத்தைப் பற்றியே பேசுகிறது. மூன்று வசனம் தள்ளி வரும் அதே சொல்லைத் தமிழிலும் 'என்றைக்கும் நிலைக்கும்' என்றே எழுதியிருக்கிறார்கள். ஆகையால் 3:11-இல் மட்டும் உங்கள் 'நித்தியம்' எனக்கும் சம்மதம்.